மாலைநேர மொழிமன்றத்தில் இடையூறும் பேச்சும்: ஒரு கருத்தாடல் நோக்கு

0. முன்னுரை

பள்ளி நேரம் முடிந்தபின் வாரத்தில் ஓரிரு நாள் மாணவர்கள் கூடி ஒரு மொழியைப் பேசியும் படித்தும் பழகும் அமைப்பை இக்கட்டுரை மொழிமன்றம் எனக் குறிப்பிடுகிறது. தமிழ் வீட்டு மொழியாகவும் வேறொன்று பயிற்று மொழியாகவும் உள்ள நகரங்களில், தமிழ் எழுத்தை அறிந்துகொள்ளப் பல குழந்தைகளுக்கு இத்தகைய மன்றமே வாய்ப்பாக அமைகிறது. இங்குத் தேர்வு இல்லை; மதிப்பெண் இல்லை; வருகைப் பதிவேடு இருப்பினும் அதற்குக் கட்டாயம் இல்லை. எனவே பள்ளி தன் ஒழுங்கைக் காக்கப் பயன்படுத்தும் கருவிகளுள் பெரும்பாலானவை மன்ற ஆசிரியரிடம் இருப்பதில்லை. நாள் முழுதும் அமர்ந்து களைத்த பிள்ளைகள், விளையாட வேண்டிய நேரத்தில், மீண்டும் ஓர் அறைக்குள் வந்து அமர்கின்றனர். இடையூறு எழாவிட்டால்தான் வியப்பு.

இடையூறு செய்யும் மாணவரை நடத்தும் முறை பெரும்பாலும் உளவியலுக்கோ கல்வி நிருவாகத்துக்கோ உரியதாகக் கருதப்படுகிறது. ஆனால் மொழிமன்றத்தில் நிகழும் இடையூற்றில் மிகப்பெரும் பகுதி பேச்சாகவே நிகழ்கிறது. அதனை அடக்கும் செயலும் பேச்சாகவே நிகழ்கிறது. ஆகவே மொழியியலார் இதனை ஆராய இடமுண்டு. கட்டுரையாளர் பெங்களூரில் சில ஆண்டுகள் நடத்திய தமிழ் மன்றம் ஒன்றில் எழுதிவைத்த குறிப்புகள் இங்கு எடுத்துக்காட்டுகளுக்கு அடிப்படையாகின்றன. அம்மன்றத்தில் 10 முதல் 13 வயது வரையுள்ள இருபது பேர் அளவில் இருந்தனர்; வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் கூடினர்.

1. சொல்லும் பொருளும்

முதலில் பெயரிடுதலைக் காண்போம். குழந்தைகளின் இத்தகைய நடத்தையைக் குறிக்கத் தமிழில் குறும்பு, சேட்டை, வால்தனம், அடங்காமை, ஒழுங்கீனம், இடையூறு எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இவை ஒருபொருட் கிளவிகள் அல்ல. குறும்பு என்பதில் பரிவு கலந்திருக்கிறது. அச்சொல்லைக் கூறுபவர் பாதி மன்னித்துவிட்டே கூறுகிறார். சேட்டை அசைவைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்தது. உடலின் துறுதுறுப்பை முன்னிறுத்துகிறது. அடங்காமை, அடக்க வேண்டிய ஒருவர் எதிரே இருப்பதை உட்கொண்டது. ஒழுங்கீனம், செய்தவரின் குறையைச் சுட்டுகிறது. இடையூறு ஒன்றே, செய்தவரைப் பற்றி எதுவும் கூறாமல், நடந்துகொண்டிருந்த ஒன்று தடைப்பட்டது என்பதை மட்டும் தெரிவிக்கிறது. இக்கட்டுரை அச்சொல்லைத் தேர்ந்தமைக்கு இதுவே காரணம்.

மொழிபெயர்ப்பாளர் கருத்தில் கொள்ள வேண்டிய மற்றொரு இணை ஒழுங்கு, ஒழுக்கம் என்பன. இரண்டும் ஒழுகு என்னும் வினையோடு தொடர்புடையவை. எனினும் ஒழுங்கு வரிசையையும் அமைப்பையும் குறிக்க, ஒழுக்கம் அறநெறியைக் குறிக்கிறது. ஆங்கிலக் கல்வி நூல்களில் வரும் டிசிப்ளின் என்னும் ஒரே சொல் தமிழில் சில இடங்களில் ஒழுங்கு என்றும் சில இடங்களில் ஒழுக்கம் என்றும் பெயர்க்கப்படுகிறது. விளைவு சிறியதன்று. தன் முறை வருமுன் பேசிய சிறுவன் முதல் பெயர்ப்பில் வரிசையைக் குலைத்தவன் ஆகிறான். இரண்டாம் பெயர்ப்பில் ஒழுக்கம் குறைந்தவன் ஆகிறான். ஆசிரியர் பெற்றோருக்கு எழுதும் குறிப்பிலும் இவ்வேறுபாடு அப்படியே வெளிப்படும்.

2. நன்னூல் காட்டும் மாணாக்கர்

தமிழ் இலக்கண மரபு இப்பொருளைப் பேசாது விடவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் இலக்கணம் வகுக்கிறது. அன்னமும் பசுவும் முதல் மாணாக்கர்க்கும், மண்ணும் கிளியும் இடை மாணாக்கர்க்கும், ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை ஆகியவை கடை மாணாக்கர்க்கும் உவமைகளாகின்றன. ஆடு ஒரு செடியில் நில்லாது செடிதோறும் மேய்வது. எருமை நீரைக் கலக்கிவிட்டுக் குடிப்பது. இன்றைய ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் வகுப்பிலுள்ள சிலரை இவ்வுவமைகளில் உடனே அடையாளம் காண்பர்.

பாடம் கேட்கும் மாணாக்கர் ஓவியப் பாவைபோல் அடங்கியிருக்க வேண்டும் என்பதும் அந்நூலின் விதியே. இவ்விதியை மட்டும் எடுத்துக்காட்டுவோர் அதே பாயிரம் கூறும் மற்றொன்றை மறந்துவிடுகின்றனர். ஆசிரியர் கூறியதை முழுமையாகக் கொண்டாலும் மாணாக்கர் பெறுவது புலமையில் கால்கூறே. உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால். பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு. அதாவது, முக்கால் பங்கு கல்வி மாணாக்கர் வாய்திறந்து பேசும்போது நிகழ்கிறது. பாவையின் அடக்கம் முதற் கால்கூற்றுக்கு உரியது. மொழிமன்றம் எஞ்சிய முக்காலுக்காக அமைந்த இடம். அங்குப் பாவையின் அடக்கத்தை எதிர்பார்ப்பது, நீச்சல் குளத்தில் நீர் தெறிக்கக் கூடாது என்பதற்கு ஒப்பாகும்.

3. வகுப்பறைக் கருத்தாடலின் அமைப்பு

ஜான் சின்கிளேரும் மால்கம் கோல்ட்ஹார்டும் 1975இல் வெளியிட்ட ஆய்வு, ஆசிரியர் முன்னின்று நடத்தும் வகுப்பறைப் பேச்சை மூன்று உறுப்புகள் கொண்ட அலகாகப் பகுத்தது. ஆசிரியர் தொடங்குகிறார், மாணவர் விடை கூறுகிறார், ஆசிரியர் அவ்விடையை மதிப்பிடுகிறார். முதலும் இறுதியும் ஆசிரியருக்கு உரியவை. இயல்பான உரையாடலோ இவ்வாறு அமைவதில்லை. ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் மூவரும் 1974இல் விளக்கியதுபோல், உரையாடலில் அடுத்துப் பேசுபவர் யார் என்பதைப் பேசுவோரே அவ்வப்போது தமக்குள் முடிவு செய்துகொள்கின்றனர்.

மொழிமன்றம் இவ்விரு அமைப்புகளுக்கும் இடையில் நிற்கிறது. அதன் நோக்கம் உரையாடல். நடத்தப்படும் முறை பெரும்பாலும் வகுப்பு. ஒரு மணி நேரத்தில் ஆசிரியர் பாதியை எடுத்துக்கொண்டால் எஞ்சுவது முப்பது நிமிடம். இருபது பேருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கு ஒன்றரை நிமிடம். ஒன்றரை நிமிடம் பேசுவதற்கு ஐம்பத்தெட்டரை நிமிடம் வாய்மூடிக் காத்திருக்குமாறு பத்து வயதுக் குழந்தையை நாம் கேட்கிறோம். இடையூறு என நாம் அழைப்பதில் ஒரு பகுதி, இந்தக் கணக்கின் விளைவேயாகும்.

மற்றொரு காரணம் அவசரம். மேரி பட் ரோ 1970களில் வெளியிட்ட ஆய்வுகளின்படி, ஆசிரியர்கள் வினா எழுப்பியபின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கின்றனர். அதனை மூன்று நொடியாக நீட்டினால் விடைகள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாதவரும் பேசத் தொடங்குகின்றனர். இரு மொழிகளுக்கிடையில் சொல்லைத் தேடும் குழந்தைக்கு ஒரு நொடி போதாது. முன்னதாகச் சொல் அகப்படும் நான்கைந்து பேரே ஒவ்வொரு முறையும் விடை கூறுவர். ஏனையோர் தமக்குள் வேறொரு பேச்சைத் தொடங்குவர்.

4. ஒரு நிகழ்வு

கட்டுரையாளரின் மன்றத்தில் ஒருநாள் சொற்பயிற்சி நடந்தது. பால், பல், பூ, புலி எனச் சொற்கள் கரும்பலகையில் எழுதப்பட்டுக் கூட்டாக வாசிக்கப்பட்டன. பின்வரிசையில் இருந்த பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒன்று சேர்த்துக்கொண்டிருந்தான். பால் என்றால் ஹாலு; பல் என்றால் ஹல்லு; பூ என்றால் ஹூ; புலி என்றால் ஹுலி. பத்து எழுதப்பட்டதும் ஹத்து என்றான். அருகிலிருந்தோர் சிரித்தனர். இருமுறை எச்சரிக்கப்பட்டான். அடுத்து, பாடம் என்று எழுதப்பட்டதும் ஹாடம் என்றான். பென்சிலைத் தூக்கிக் காட்டி ஹென்சில் என்றான். அறை முழுவதும் சிரிப்பில் அதிர்ந்தது. கட்டுரையாளர் கதவைச் சுட்டி, கெட் அவுட், என்றார்.

அன்றிரவு குறிப்பேட்டில் அந்நிகழ்வை எழுதும்போதுதான் நடந்தது விளங்கியது. பழங்கன்னடத்தின் மொழிமுதல் பகரம் பத்தாம் நூற்றாண்டு அளவில் தொடங்கிப் படிப்படியாக ஹகரமாக மாறியது. தமிழில் பகரம் நின்றது. திராவிட ஒப்பியல் படிக்கும் முதுகலை மாணவர்க்கு வகுப்பில் கற்பிக்கப்படும் இவ்வொலி ஒப்புமையை, தெருவில் கன்னடமும் வீட்டில் தமிழும் பேசும் அச்சிறுவன் தானே கண்டறிந்திருந்தான். கண்டதோடு நில்லாமல் அதனைப் புதிய சொற்களுக்கு நீட்டிச் சோதித்தும் பார்த்தான். பாடம், பென்சில் ஆகியவற்றில் அவ்விதி செல்லாது, அவை கடன்சொற்கள். கன்னடத்திலும் அவை பகரத்தோடே வழங்குகின்றன. விதி எங்கே உடைகிறது என்பதையும் அவன் தொட்டுவிட்டான். ஏன் இங்கு மட்டும் மாறவில்லை என்று ஒரு வினா எழுப்பியிருந்தால், சொந்தச் சொல்லுக்கும் கடன்சொல்லுக்கும் உள்ள வேறுபாடு அன்றைய மாலையில் இருபது குழந்தைகளுக்கும் விளங்கியிருக்கும். வாழ்நாளில் பாதியை மொழியியலில் கழித்தவர் செய்தது, அவனை அறையைவிட்டு வெளியேற்றியதே.

இன்னொன்றும் கருதத்தக்கது. தமிழுக்காகக் கூடிய மன்றத்தில், அதிகாரம் தேவைப்பட்ட கணத்தில், ஆசிரியரின் வாயில் வந்தது ஆங்கிலம். பாடத்துக்கு ஒரு மொழி, ஆணைக்கு வேறொரு மொழி என்பதை அன்று அனைவரும் கற்றனர்.

அடுத்த வாரம் அச்சிறுவனைத் தாயார் மீண்டும் கொண்டுவந்து விட்டார். கட்டுரையாளர் வருத்தம் தெரிவித்தார். ஹாலுவையும் ஹல்லுவையும் பலகையில் எழுதச் சொல்லி அழைத்தார். அவன் எழுந்து வரவில்லை. கல்வியாண்டு முடியும் வரை ஓவியப் பாவைபோல் அமர்ந்திருந்தான். மறு ஆண்டு வரவில்லை. ஒழுங்கு என்ற அளவில் நோக்கினால் அவன் திருந்திய மாணவன். மன்றம் என்ற அளவில் நோக்கினால் இழந்த மாணவன்.

5. இடையூற்றின் வகைகள்

குறிப்பேட்டுப் பதிவுகளைத் தொகுத்து நோக்கியபோது இடையூறுகளை ஐந்து வகையாகப் பிரிக்க முடிந்தது. எல்லை வரையறுக்க இயலாத இடங்கள் உண்டு. எனினும் நடத்தும் முறையைத் தேர்வதற்கு இப்பகுப்பு உதவுகிறது.

அ) முறை மீறிய பேச்சு. விடை தெரிந்த ஆர்வத்தால் பிறர் பேசும்போதே பேசுதல். இது உரையாடலில் இயல்பு. வகுப்பில் மட்டுமே பிழை.

ஆ) மொழி விளையாட்டு. மேற்கண்ட நிகழ்வு இவ்வகையினது. தமிழின் இரட்டை வழக்கும் இதற்குப் பெரிதும் இடந்தருகிறது. நீ எங்கே செல்கிறாய் என்று ஆசிரியர் எழுத்துவழக்கில் வினவினால், அவ்வழக்கைத் திரைப்பட அரசவையில் மட்டுமே கேட்டிருந்த குழந்தை எழுந்து நின்று, அந்தப்புரம் செல்கிறேன் மன்னா, என்று விடை கூறும். இது கேலிபோல் தோன்றினாலும், இவ்வழக்கு எந்தச் சூழலுக்கு உரியது என்பது பற்றிய சரியான அறிவு அதில் அடங்கியுள்ளது. எங்கே போறே என்பதற்கும் எங்கே செல்கிறாய் என்பதற்கும் உள்ள தொலைவை அக்குழந்தை அளந்து காட்டிவிட்டது.

இ) முகம் காக்கும் இடையூறு. வயதில் மூத்தும் எழுத்தறியாத குழந்தை, தன்னிலும் இளையோர் முன்னிலையில் வாசிக்கும் முறை வரும்போது பென்சிலைக் கீழே போடுகிறது, அடுத்தவரைக் கிள்ளுகிறது, வெளியே செல்ல அனுமதி கேட்கிறது. வாசிக்கத் தெரியாதவன் என்பதைவிடச் சேட்டைக்காரன் என்னும் பெயர் அதற்குத் தாங்கத்தக்கது. இவ்விடையூறு எப்பொழுது எழுகிறது என்பதை நோக்கினால் காரணம் தெரியும். வாசிப்புக்கு முன்பே எழுந்து வாசிப்போடு முடிந்துவிடும்.

ஈ) மறுப்பு. விளையாட்டைத் துறந்து பெற்றோரின் கட்டாயத்தால் வந்த குழந்தையின் எதிர்ப்பு. இது மொழியைப் பற்றியதன்று, நேரத்தைப் பற்றியது. இதனைத் தீர்க்கப் பெற்றோரோடும் குழந்தையோடும் ஒருசேரப் பேசுவதே வழி.

உ) பிறர் பேச்சை இழிவுபடுத்தல். ஒரு குழந்தையின் வட்டார வழக்கையோ, சாதி அடையாளம் தோன்றும் சொல்லையோ, கன்னடச் சாயல் கொண்ட உச்சரிப்பையோ மற்றொன்று நையாண்டி செய்தல். வெளித்தோற்றத்தில் இது இரண்டாம் வகையை ஒத்திருக்கும். இங்கும் சிரிப்பே எழுகிறது. ஆயின் அங்கு விளையாடப்படுவது மொழி. இங்கு விளையாடப்படுவது ஒரு மனிதர். ஏனைய நான்கிலும் பொறுமை காட்டலாம். இதில் காட்டலாகாது. இழிவுக்கு உள்ளான குழந்தை ஒருமுறை வாய்மூடினால் அதனை மீண்டும் திறப்பது அரிது. அந்தக் கணமே நிறுத்தி, அச்சொல் எந்த ஊரில் யாரால் வழங்கப்படுகிறது என்பதை மதிப்போடு கூறிவிட்டுப் பாடத்தைத் தொடர்வது வேண்டும். இழிவு செய்தவரோடு தனியே பேசுவது வேண்டும்.

6. கட்டளையின் மொழி

பெனிலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் கட்டுரையாகவும் 1987இல் நூலாகவும் வெளியிட்ட பணிவுக் கோட்பாடு முகம் என்னும் கருத்தை மையமாகக் கொண்டது. அவர்கள் சான்றாகக் கொண்ட மூன்று மொழிகளுள் தமிழும் ஒன்று. கோயம்புத்தூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றின் பேச்சு அதற்குத் தரவாயிற்று. முகத்தை முறித்தல், முகம் கொடுத்துப் பேசுதல், முகம் வாடுதல் போன்ற தொடர்களைத் தலைமுறைதோறும் வழங்கிவரும் தமிழர்க்கு இக்கோட்பாட்டின் அடிப்படை அயலானதன்று.

மன்றத்தில் ஒரே செயலை வேண்டித் தமிழில் எத்தனை வகையாகக் கூறலாம் என்பதை நோக்குக. உக்காரு, உக்காருப்பா, உக்காருங்க, உக்காரலாமா, நாம எல்லாரும் உக்காருவோம், அங்க என்ன சத்தம்? முதலாவது நேரான ஏவல். இரண்டாவதில் வரும் விளியொட்டு ஏவலின் கூர்மையை மழுக்குகிறது. மூன்றாவது ஒருவரை நோக்கி வந்தால் மதிப்பாகவும், சற்று அழுத்திக் கூறினால் ஏளனமாகவும் ஒலிக்கும். ஐந்தாவதில் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை வருகிறது. நாம், நாங்கள் என்னும் வேறுபாடு இன்றைய கன்னடத்தில் இல்லாமையால் பெங்களூர்க் குழந்தைகள் அடிக்கடி மயங்கும் இடம் அது. கட்டளையே பாடமும் ஆகிறது. ஆனால் ஆசிரியர் நின்றுகொண்டே நாம் உட்காருவோம் என்றால் குழந்தைகள் அப்பொய்யைக் கண்டுகொள்வர். உளப்பாட்டைப் பயன்படுத்துபவர் உட்கார வேண்டும்.

இறுதியில் உள்ள வினா கவனத்துக்குரியது. வடிவில் வினாவாகவும் பொருளில் கட்டளையாகவும் அமைந்த இதற்கு, ஒண்ணும் இல்ல சார், என்று பின்வரிசையிலிருந்து விடை வரும். மீண்டும் சிரிப்பு எழும். அச்சிறுவன் வடிவுக்கு விடை கூறினான், பொருளைப் புறக்கணித்தான். இவ்வாறு இரட்டையாக அமைந்த கூற்றுகள் இடையூற்றுக்கு ஆசிரியரே அளிக்கும் வாய்ப்புகள். அறிவிருக்கா போன்ற வினாக்களோ விடைக்கு இடமின்றி முகத்தை முறிப்பவை. வாயை மூடு என்பது வேறெந்த வகுப்பில் பொருந்தினாலும், பேச வைப்பதற்காகக் கூடிய இடத்தில் பொருந்தாது.

எனவே கட்டளைகளைச் சிலவாகவும், நேராகவும், தமிழிலும் அமைத்துக்கொள்வது நன்று. கட்டுரையாளரின் மன்றத்தில் பின்னர் வழங்கியவை நான்கே: கேளுங்க, ஒருவர் பின் ஒருவர், மெதுவா, மறுபடி சொல்லுங்க. இவற்றைக் குழந்தைகளும் ஆசிரியரிடம் கூறலாம் என்பது விதி. வேகமாகப் பேசிய ஆசிரியரிடம் மெதுவா என்று ஒரு சிறுமி முதன்முறை கூறியபோது, அறையில் அமைதி நிலவியது. அதன்பின் அச்சொல்லை அனைவரும் தமக்கு உரியதாகக் கொண்டனர்.

7. நடைமுறை

ஜேக்கப் கூனின் 1970இல் வெளியிட்ட வகுப்பறை ஆய்வு பெரிதும் எதிர்பாராத முடிவை அளித்தது. இடையூறு நிகழ்ந்தபின் ஆசிரியர் எவ்வாறு கண்டிக்கிறார் என்பது நன்கு நடக்கும் வகுப்பையும் நடவாத வகுப்பையும் வேறுபடுத்தவில்லை. அறையில் நடப்பதை உணர்ந்திருத்தல், ஒரே நேரத்தில் இரண்டைக் கவனித்தல், பாடத்தின் ஓட்டம் அறாது காத்தல் ஆகியவையே வேறுபடுத்தின. மன்றத்துக்கு இதனைப் பொருத்தினால் பின்வருவன பயனளிக்கும்.

முதலாவது, பேச்சு நேரத்தின் கணக்கை மாற்றுதல். இருபது பேரை இருவர் இருவராகப் பிரித்தால் ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேசலாம். ஒன்றரை நிமிடம் பதினைந்து நிமிடம் ஆகிறது. அறையில் ஓசை மிகும். அவ்வோசை வேலையின் ஓசை. முறை மீறிய பேச்சு இதனால் பெரிதும் குறைகிறது.

இரண்டாவது, மொழி விளையாட்டுக்கு இடமளித்தல். மேற்கூறிய நிகழ்வுக்கு மறு ஆண்டு, புதிய மாணவர்களிடம் பகரச் சொற்களின் பட்டியல் கொடுக்கப்பட்டது. பகல் ஹகலு, பன்றி ஹந்தி, புளி ஹுளி என அவர்கள் தாமே நிரப்பினர். உப்பு ஏன் இரு மொழியிலும் உப்பாகவே உள்ளது என்று ஒரு சிறுமி வினவினாள். சொல்லின் நடுவில் இரட்டித்த பகரம் மாறவில்லை என்பதை அவ்வினாவே வெளிக்கொணர்ந்தது. ஹள்ளி என முடியும் ஊர்ப்பெயர்களையும் பள்ளி என முடியும் ஊர்ப்பெயர்களையும் அடுத்த கூட்டத்துக்குத் தொகுத்துவந்தனர். அரசவைத் தமிழில் விடை கூறுபவருக்கும் அவ்வாறே ஒரு வேலை உண்டு: ஒரே செய்தியை அரசனுக்கும், அம்மாவுக்கும், பேருந்து நடத்துநருக்கும் கூறிக்காட்டச் செய்யலாம்.

மூன்றாவது, முகம் காக்கும் குழந்தைக்கு முகத்தைக் காத்துக்கொடுத்தல். வாசிப்பைக் கூட்டாகத் தொடங்கி, விரும்புவோர் மட்டும் தனியே வாசிக்கும்படி அமைத்தால் காரணமே நீங்குகிறது. எழுத்தறியாத மூத்த குழந்தை கதை சொல்வதில் வல்லதாக இருக்கக்கூடும். அது சொல்லச் சொல்ல மற்றவர் எழுதலாம். நன்னூல் கூறும் அரைப்பங்கு அங்கே நிகழ்கிறது.

நான்காவது, கண்டிக்க நேர்ந்தால் தனியே, சுருக்கமாக, செயலைக் குறித்து மட்டும் கண்டித்தல். அனைவர் முன்னிலும் நிகழும் கண்டனம் ஒரு நாடகம்; பார்வையாளர் இருக்கும்வரை இருவரும் தம் வேடத்தை விட இயலாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் உடல்தண்டனையையும் மன வருத்தம் தரும் துன்புறுத்தலையும் விலக்குகிறது. மாலை மன்றம் அச்சட்டத்தின் சொற்களுக்குள் அடங்குமா என்பது சட்டம் வல்லார் ஆய்வுக்குரியது. அதன் கருத்துக்குள் அடங்கும் என்பதில் ஐயமில்லை.

8. முடிவுரை

மொழிமன்றத்தில் எழும் இடையூறு அனைத்தும் அறிவின் வெளிப்பாடு என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. களைப்பும், சலிப்பும், வன்மமும் அங்கு உண்டு; அவற்றுக்கு உறுதியான எல்லை வேண்டும். ஆயினும் எல்லை வகுக்குமுன் கூற்றைக் கேட்பது ஆசிரியரின் கடமை. யார் பேசினார், எப்போது பேசினார், எந்த வடிவில் பேசினார், அதற்கு முன் கூறப்பட்டது யாது என்னும் நான்கு வினாக்களும் கருத்தாடலாய்வின் தொடக்க வினாக்கள். வகுப்பறைக்கு வெளியே பதிவுக்கருவியோடு சென்று இவற்றைப் பொறுமையாக வினவும் மொழியியலார், தம் முன்னிருக்கும் குழந்தையிடமும் அவற்றை வினவுதல் வேண்டும். அதற்கு மூன்று நொடி போதும்.